நாற்பத்தொரு சிட்டம் கம்பளி

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையிலேயே எதிர்வீட்டு பிரேமலதாவோடு சண்டை. நான் ஆட்டு ரோமம் அலசிய தண்ணீர் அவள் வாசலுக்குப் போய்விட்டதாம். போகவில்லை. துடைப்பத்தை வைத்து நானேதான் சாக்கடைக்குத் தள்ளிவிட்டேன். தண்ணீர் போகாவிட்டாலும் நாற்றம் போனதாம்.

"தாராவியில இருந்துக்கிட்டு நாத்தத்தப் பேசுதியே" என்றேன்.

"இது தோல் நாத்தம் இல்ல. செத்த ஆட்டு நாத்தம்" என்கிறாள்.

தோல் என்ன மரத்திலா காய்க்கிறது? கேட்டிருக்க வேண்டும். மாடிப்படி ஏறி வந்த பிறகுதான் வாயில் வந்தது. எனக்கு எல்லாப் பதிலும் படியேறிய பிறகுதான் வரும்.

சிநேகிதி ராபியா நேற்று ஒரு சாக்கு ரோமம் கொடுத்துவிட்டிருந்தாள். தேவனார் கசாப்புக் கூடத்திலிருந்து வருகிற ஆட்டுத் தோலுக்கு உப்புத் தடவி சென்னைக்கு அனுப்புகிற கொடவுன் அவள் புருஷனுடையது. கிழிந்த செம்மறித் தோலை ஒதுக்கிப் போடுவார்கள். அதிலுள்ள ரோமத்தை எனக்காக வெட்டி வைப்பாள். ஏழு தண்ணீர் மாற்றினால்தான் உப்பும் ரத்தமும் போகும். எட்டாவது தண்ணீர் தெளிந்து வரும்போது பார்க்க வேண்டும், ரோமம் பாலாடை மாதிரி மிதக்கும்.

இதைப் பிரேமலதாவிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. வீட்டில் உள்ளவர்களிடமே சொல்ல முடியவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

முலுண்டிலிருந்து இவருடைய தங்கை வந்திருந்தாள். பரணில் கம்பியில் நான் வளையமாகச் சுற்றி மாட்டி வைத்திருக்கும் நூல் சிட்டங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு முதல் கேள்வி: "என்ன வெலைக்கு மைனி குடுக்கிய?"

விற்கிறதில்லை என்றேன்.

"அப்ப ஸ்வெட்டர் போடவா?"

இல்லை.

"யாருக்காச்சும் குடுக்கவா?"

இல்லை.

"பின்ன என்னத்துக்கு?"

இரண்டு வருஷமாக இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பொழுதுபோக்கு என்றால் சிரிக்கிறார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார். "ஒன் மைனிக்குப் பம்பாய் வெயில்ல குளுருது" என்றார்.

இந்த வீட்டில் சும்மா இருக்கிற பொருள் ஒன்று உண்டா? கீழே இவருடைய கார்கானா, நாலு மிஷின், ஆபீஸ் பை தைக்கிறார்கள். மேலே நாங்கள் மூன்று பேர் இருக்கிற ஒரே அறை. கட்டிலுக்கு அடியில் தைத்து முடித்த பைகள். மகள் ஆஸியா காலேஜ் பாடம் படிக்கிற மேஜைக்குக் கால் பசை டின்கள். நான்? காலையில் சமையல், மூன்று மணியிலிருந்து அஸ்தர் துணி வெட்டல். பையின் உள்பக்கத்துத் துணி. இருபத்து மூன்று வருஷமாக வெட்டுகிறேன். என் கை கத்தரிக்கோலுக்கு ஏற்றபடி வளைந்தே போய்விட்டது.

மதியம் லுஹர் தொழுததற்கும் மூன்று மணி அஸ்தர் துணிக்கும் நடுவில் முக்கால் மணி நேரம். ஜன்னலோரம் உட்கார்ந்து தக்ளியைச் சுழற்றி விடுவேன். விரலுக்கு நடுவில் ரோமம் நழுவி நூலாகிப் போகும். முரட்டு ரோமம், குத்தும். பரவாயில்லை. அந்த முக்கால் மணி நேரத்தால் யாருக்கும் எந்தப் பிரயோசனமும் இல்லை. அதுதான் அதில் விசேஷம். இதை எந்த மொழியில் சொன்னால் புரியும்?

ஏப்ரல் 19, சனி

வந்துவிட்டது! சிவப்பு!

பத்துத் தடவை சாயம் கெட்டுப்போனது. ஒரு தடவை செங்கல், ஒரு தடவை பீட்ரூட் பொரியல், மூன்று தடவை காவி. மாதுங்கா நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டி வேர் வாங்கி வாங்கிக் கடைக்காரர் எனக்கு ஏதோ தோல் வியாதி என்றே நினைத்துவிட்டார். இன்றைக்குப் பதினோராவது. கொதிக்கவே விடவில்லை. ஒரு துளி வெற்றிலைச் சுண்ணாம்பு போட்டேன். படிகாரத்தில் ஊறவைத்த நேரத்தையும் மாற்றினேன். மூடியைத் திறந்தால் — பழுத்த மிளகாய் வற்றல் வெயிலில் கிடக்கிற மாதிரி ஒரு நிறம். மினுமினுப்பு இல்லை, ஆழம்.

ஆஸியாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். போனிலிருந்து கண்ணை எடுத்து, "நைஸ்மா" என்றாள். திரும்பப் போனுக்குள் போய்விட்டாள்.

இவரிடம் காட்டினேன். "கேஸ் எம்புட்டு நேரம் எரிஞ்சுது?"

போகட்டும். அளவு, நேரம் எல்லாவற்றையும் அட்டைச் சீட்டில் எழுதிச் சிட்டத்தில் கட்டிவிட்டேன். என் ஒவ்வொரு சிட்டத்துக்கும் ஒரு சீட்டு உண்டு. வெங்காயச் சருகு, மாதுளைத் தோல், கடுக்காயும் துருத் தண்ணீரும். எல்லாம் தமிழில். இந்த நோட்டில் இன்னொரு தடவை எழுத இப்போது கை ஒழியவில்லை. இதோடு நாற்பத்தொன்று.

ஏப்ரல் 20, ஞாயிறு

காய்ந்துவிட்டது. நிறம் இறங்கவே இல்லை.

ஏப்ரல் 26, சனி



சுனாபட்டியில் தங்கச்சி சபா வீட்டுக்குப் போய்விட்டு ஐந்து மணிக்கு வந்தேன். பரணில் கம்பி மட்டும் இருக்கிறது. ஒரு சிட்டம் இல்லை. ஒன்றுகூட.

திருட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன். கீழே ஓடினேன். இவர் சிரித்த முகமாக வந்தார், கையில் ஜிலேபிப் பொட்டலம்.

"மிருணாள் மேடம் இருக்காவல்லா, செம்பூர்ல கடை வச்சிருக்காவ, நம்மகிட்ட பை எடுக்காவளே? அவ்வொகிட்ட கொண்டு காட்டுனேன். அசந்துட்டாவ. பையில ஒரு பக்கம் இந்த நூல வச்சு, குஞ்சம் கட்டி, அறுவது பை கேக்காவ. தீபாவளிக்கு."

"என் நூலக் கொண்டு போனியளா?"

"சாம்பிளுக்குளா."

"என்கிட்ட கேட்டியளா?"

"கேக்க என்ன இருக்கு? சும்மாதானே கெடந்துது."

சும்மாதானே கெடந்துது! ரெண்டு வருசம்! ஒவ்வொரு சிட்டமும் பத்து நாள், பதினஞ்சு நாள். சும்மா கெடந்துதாம்! நான் என்னென்ன கத்தினேன் என்று நினைவில்லை. மிஷின் நாலும் நின்றுவிட்டது மட்டும் தெரிந்தது. தையல் மாஸ்டர் சுடலைக்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்.

இவர் முகத்தைப் பார்த்தால் நிஜமாகவே புரியவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. திருடினவன் மாதிரி முழித்தால்கூடப் பரவாயில்லை. பரிசு கொடுத்தவன் மாதிரி நிற்கிறார்.

"நூலுதான? மறுபடி திரிச்சிக்கிட்டாப் போச்சு."

ஜிலேபி அப்படியே இருக்கிறது. எறும்பு வந்துவிட்டது. வரட்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பேசவில்லை. சோறு வைத்தேன். பேசவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

நானே செம்பூர் போனேன். ஆஸியாவைக் கூட்டிப் போனேன், இங்கிலீஷ் வந்தால் வேண்டுமே என்று. வழியெல்லாம் "உம்மா, ப்ளீஸ், அங்க தமாஷா பண்ணாத" என்றே வந்தாள். என் கோபம் அவளுக்குத் தமாஷா.

கடை ஏசி போட்டுச் சில்லென்று இருந்தது. மிருணாள் மேடத்துக்கு என் வயதுதான் இருக்கும். எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல பெண்தான். அதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

"பானுஜி, இது உங்கள் கை வேலையா? இப்படி நிறம் நான் பார்த்ததே இல்லை" என்றார் இந்தியில்.

என் நூல் எங்கே என்று கேட்டேன்.

மேஜைமேல் இருந்தது. ஒரு பெரிய அட்டை. அதில் விரல் நீளத்துக்கு வெட்டி வெட்டி, வரிசையாக ஒட்டி வைத்திருந்தார்கள். பதினைந்து நிறம். பதினைந்து சிட்டத்தையும் பிரித்து வெட்டியிருக்கிறார்கள். மீதி வெட்டுத் துண்டெல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், கோழி இறகு மாதிரி. மேலாக என் சிவப்பு.

சீட்டு எங்கே?

"எந்தச் சீட்டு?"

ஒவ்வொன்றிலும் கட்டியிருந்தேனே. அட்டைச் சீட்டு.

கடையில் வேலை செய்கிற பெண்ணைக் கூப்பிட்டு மேடம் மராத்தியில் கேட்டார். வெட்டாத சிட்டங்களிலும்கூட ஒரு சீட்டு இல்லை. ஏதோ மெட்ராஸி எழுத்தில் கிறுக்கியிருந்தது, விலைச் சீட்டு என்று நினைத்துப் பிய்த்துக் குப்பையில் போட்டாளாம். குப்பை வண்டி காலையிலேயே போய்விட்டது.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மேடத்துக்கு முகம் மாறியது. "மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் இதில் சம்மதம், நீங்களே அனுப்பினீர்கள் என்றுதானே நஜிம் பாய் சொன்னார்?"

நானே அனுப்பினேனாம்.

அதோடு விட்டிருக்கலாம். மேடம் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு ஒரு சின்ன அட்டையைக் காட்டினார். ஒவ்வொரு பையிலும் இது தொங்குமாம். ஆஸியா வாசித்தாள். வாசித்துவிட்டு எனக்குச் சொல்லாமல் நின்றாள். சொல்லுடி என்றேன்.

"தாராவியில ஒரு லேடி... சாக்கடைப் பக்கத்துல உக்காந்து... குப்பையில கெடைச்ச கம்பளியில... தன்னோட கனவ நூக்கிறாங்கன்னு போட்டிருக்கு உம்மா."

அந்த அட்டையில் வைக்க ஒரு போட்டோவும் வேண்டுமாம். சந்தில் உட்கார்ந்து நூற்கிற மாதிரி. "நீங்கள் எப்போதும் இருப்பது போலவே, இயல்பாக" என்றார்.

படியேறும் வரை காத்திருக்கவில்லை நான். இந்த ஒரு தடவை வார்த்தை அங்கேயே வந்தது. என் உடைந்த இந்தியில் சொன்னேன்: நான் சந்தில் உட்காருகிறதில்லை, மாடியில் ஜன்னலோரம் உட்காருகிறேன். குப்பையில் பொறுக்கவில்லை, என் சிநேகிதி வெட்டித் தருகிறாள். கனவை நூற்கவில்லை, ஆட்டு ரோமத்தை நூற்கிறேன். என் சாமானைக் கொடுங்கள், நான் போகிறேன்.

கொடுத்தார்கள். அந்த டப்பாவையும் வாங்கிக்கொண்டேன்.

டாக்ஸியில் ஆஸியா கேட்டாள், "இவ்வளவு கத்தணுமா உம்மா? நல்லவங்கதான் அவங்க."

நல்லவங்கதான். எல்லாரும் நல்லவங்கதான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

முழுசாகத் திரும்பியது இருபத்தாறு. எது வெங்காயச் சருகு, எது செவ்வந்தி என்று பார்த்தால் சொல்ல முடிகிறது. அளவு சொல்ல முடியவில்லை. சிவப்புக்குச் சுண்ணாம்பு எவ்வளவு? ஒரு துளி என்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். என்ன துளி? யாருடைய விரல் துளி? படிகாரத்தில் எத்தனை மணி நேரம்? அன்றைக்கு இன்னும் நாலு வரி எழுதியிருந்தால் என்னவாம். கை ஒழியவில்லையாம்! மரமண்டை.

மே 2, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்து இவர் கேட்டார், "மேடம் போன் பண்ணுனாவ. ஒன் பேரு வேண்டாம், போட்டோ வேண்டாம், அட்டையும் வேண்டாம்னுட்டாவ. நூலு மட்டும் போதுமாம். என்ன சொல்ல?"

"முடியாதுன்னு சொல்லுங்க."

"அறுவது பைக்குளா. நாலு மாசமா கார்கானா எப்படிக் கெடக்குன்னு பாத்தியா? மாஸ்டர் அரை நாளு வேலைக்கு வாறாரு. ஒனக்கு வெளையாட்டு. எனக்கு வயிறு."

வெளையாட்டுதான்! ஆமா, வெளையாட்டுதான்! நீங்கள் கேரம் ஆடுகிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை பூரா டி-ஜங்ஷன் பக்கம் கிளப்பில். அந்தக் காயை எடுத்துக்கொண்டு போய் யாரிடமாவது விற்றேனா நான்? ஆஸியா போனில் ஆடுகிறாள். எனக்கு மட்டும் விளையாட்டு என்றால் அது பையாகித் தீபாவளிக்குப் போக வேண்டுமா? இருபத்து மூன்று வருஷம் அஸ்தர் வெட்டினேன். பசை தடவினேன். ரம்ஜானில் நோன்போடு ஜிப் எண்ணிக் கொடுத்தேன். ஒரு நாள் கேட்டேனா, இதில் எனக்கு என்ன என்று?

இதையெல்லாம் சொன்னேன். இந்தத் தடவை கத்தவில்லை.

கடைசியில் ஒன்று கேட்டேன்: "நானே அனுப்புனேன்னு எதுக்குப் பொய் சொன்னிய?"

தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டே, "அப்படிச் சொன்னாத்தான் எடுப்பாவன்னு தோணுச்சி" என்றார்.

ஆக, கேட்கணும் என்பது தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

மே 3, சனி

மூன்று மணிக்கு அஸ்தர் துணி மேலே வந்தது. திருப்பிக் கீழே அனுப்பிவிட்டேன். இனிமேல் வெட்டமாட்டேன்.

மே 7, புதன்

இவரே வெட்டுகிறார். ஓரம் கோணல். மாஸ்டர் பிரித்துப் பிரித்துத் தைக்கிற சத்தம் மேலே கேட்கிறது. போய் வாங்கி வெட்டிவிடலாமா என்று கை துடிக்கிறது. போகவில்லை. தக்ளியை எடுத்தேன். நூல் நாலு இடத்தில் அறுந்தது. கோபத்தோடு நூற்க வராது போலிருக்கிறது. அதையும் கெடுத்துவிட்டார்கள்.

மே 9, வெள்ளி

ஆஸியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காலேஜில் நாசிக் டூர் போகவில்லையாம். ஏன் என்று கேட்டேன்.

"வாப்பாகிட்ட இப்ப எப்படிக் கேக்க?"

நேராகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டாள். உன் பிடிவாதத்துக்கு நான் கொடுக்கிறேன் என்கிறாள்.

"நீ என்ன நெனைக்கிற? நான் செஞ்சு குடுக்கணுமா?"

"எனக்குத் தெரியல உம்மா. அறுபது பைக்கு ஒரு தடவைதான? அப்புறம் உன் இஷ்டத்துக்குப் பண்ணு."

ஒரு தடவைதானே. அறுபது பைக்கு நூற்க எனக்கு எத்தனை மணி நேரம் வேண்டும் என்று அவளுக்குத் தெரியுமா? விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரை, நாலு மாசம். அதற்குப் பிறகு தக்ளியைப் பார்த்தாலே கத்தரிக்கோலைப் பார்க்கிற மாதிரி இருக்கும். அப்புறம் என் இஷ்டம் என்று ஒன்று மிச்சம் இருக்குமா?

இதை அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். புரிந்ததா தெரியவில்லை. ஆனால் போனை எடுக்காமல் கேட்டாள்.

மே 12, திங்கள்

சுடலைக்கண்ணன் மாஸ்டர் தண்ணீர் கேட்டு மேலே வந்தார். மாஸ்டரிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. நான் நூற்றுக் கொடுத்தால் உங்களுக்கு முழு நாள் வேலை, என்மேல் வருத்தமா என்றேன்.

தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"வருத்தந்தான் மதினி. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தொறக்கப் போகுது. ஆனா ஒண்ணு. ஆர்டர் புடிக்கது பாய் வேல. தைக்கது என் வேல. ஒங்க வேல என்னன்னு யாரும் ஒங்ககிட்ட கேட்டு வேலைக்குச் சேக்கலையே."

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அழுகை வந்தது. ஆத்திரத்தில்தான். மாஸ்டர் திட்டியிருந்தால் நான் பாட்டுக்கு இருந்திருப்பேன்.

மே 24, சனி

பன்னிரண்டாவது சிவப்பு. காவி.

மே 25, ஞாயிறு

பதின்மூன்று. பொரித்த ஈரல் நிறம். கையில் இருந்த மஞ்சிட்டி தீர்ந்தது. சட்டியைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தேன். பிரேமலதா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டைக்கு வரட்டும் என்று நானும் நின்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். சண்டை போடக்கூட ஆள் இல்லை.

ஜூன் 4, புதன்

கீழே காய்கறி வாங்க இறங்கினேன். கார்கானா மேஜைமேல் ஒரு பை. பழுப்புத் தோல், முன்பக்கம் ஒரு சாண் அகலத்துக்குக் கம்பளி, ஓரத்தில் குஞ்சம். என் கம்பளி இல்லை. லூதியானா மில் நூல், கல்பாதேவி சந்தையில் கிடைக்கிறது. மிருணாள் மேடம் முப்பது பைக்கு ஒத்துக்கொண்டாராம். மாஸ்டருக்கு இனி முழு நாள்.

கையில் எடுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான்! நன்றாகத்தான் இருந்தது! கடையில் வாங்கின நூலிலேயே பை நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் என் நாற்பத்தொரு சிட்டம் எதற்குப் போனது? என் சிவப்பை எதற்கு வெட்டினார்கள்? முதல் நாளே கல்பாதேவிக்குப் போயிருந்தால் ஆகாதா? பக்கத்தில் பரணில் இருந்தது, பொண்டாட்டி சாமான், கேட்க வேண்டியதில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

இவர் மிஷின் பின்னால் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அஸ்தர் ஓரம் இன்னும் கோணல்தான்.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று பக்ரீத் பெருநாள். இன்று ராபியா கொடவுனில் கால் வைக்க இடமில்லை, தோல்மேல் தோல். உப்பு மூட்டையை ஆட்கள் உடைத்துக் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். நானும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். செம்மறித் தோல் பார்த்து ரோமம் வெட்டினேன். ஒரு கருப்பு ஆட்டுத் தோல் கிடைத்தது. சாயமே வேண்டாத கருப்பு.

வெட்டிக்கொண்டே ராபியா சொன்னாள், "லாத்தா, முந்தாநாள் நஜிம் மச்சான் இங்கன வந்திருந்தாங்க, தோல் விசயமா. அப்ப அந்தச் செம்பூர்க்காரம்மா போன் பண்ணுச்சு. ஒத்துக்கிட்ட முப்பது போக மீதிப் பைக்கு மில் நூல் வேண்டாம், அந்தப் பழைய சிவப்புதான் வேணும், எவ்வளவு நாளானாலும் காத்திருக்கேன்னு ஒரே பிடி."

"இவங்க என்ன சொன்னாங்க?"

"'அது என் சரக்கு இல்ல மேடம். என் கார்கானா சரக்குக் கேளுங்க, குடுக்கேன்'ன்னாங்க. அந்தம்மா விடல. அப்ப ஒங்க வீட்டம்மா நம்பரக் குடுங்கன்னு கேட்டுச்சு போல. 'அத அவகிட்ட கேட்டுட்டுத்தான் குடுக்கணும்'ன்னு சொல்லி வச்சுட்டாங்க."

என்னிடம் கேட்கவே இல்லையே என்றேன்.

"பயமா இருந்திருக்கும்" என்று ராபியா சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்து மூன்று வருஷம் கழித்து ஒரு வாக்கியம். இதற்கு நான் என்ன, பூமாலை போட வேண்டுமா? மனசுக்குள் அப்படித்தான் திட்டினேன். ஆனால் கத்தரியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 9, திங்கள்

சோறு போடும்போது கேட்டார், தட்டைப் பார்த்துக்கொண்டே: "மேடம் ஒன் நம்பர் கேக்காவ. குடுக்கட்டா?"

"வேண்டாம்."

"சரி."

அவ்வளவுதான். மீனில் உப்பு குறைவு என்றுகூடச் சொல்லவில்லை. குறைவுதான்.

ஜூன் 19, வியாழன்

பதினாலாவது. சிவப்புதான், ஆனால் வேறு சிவப்பு. கொஞ்சம் ரோஜாப் பக்கம். அந்தப் பழையது இனி வராது என்று தோன்றுகிறது. இதன் அளவைச் சீட்டிலும் எழுதினேன், இந்த நோட்டின் கடைசிப் பக்கத்திலும் எழுதினேன். ஆஸியா தானாகவே வந்து போனில் படம் எடுத்துக்கொண்டாள். "யாருக்கும் அனுப்ப மாட்டேன், சும்மா" என்றாள்.

சும்மா!

ஜூன் 27, வெள்ளி

அஸ்தர் வெட்ட ஒரு பெண்ணை வைத்துவிட்டார், சம்பளத்துக்கு. மாரிசெல்வி என்று பெயர், பக்கத்து லேபர் கேம்ப் பகுதியிலிருந்து வருகிறாள். கை நல்ல நேர். இத்தனை வருஷம் இந்த வேலைக்குச் சம்பளம் என்று ஒன்று உண்டு என்பதே இந்த வீட்டில் யாருக்கும் தெரியாதிருந்தது. எனக்கும்தான்.

ஜூலை 6, ஞாயிறு

நல்ல மழை. காலையில் லேசாக இருக்கிறதே என்று சபா வீட்டுக்குப் போனேன். பதினொரு மணிக்கு மேல் வானம் பிய்த்துக்கொண்டது. சுனாபட்டியில் தண்டவாளத்தில் தண்ணீர், ரயில் இல்லை.

இரண்டு மணிக்கு இவர் போன்.

"ஏளா, பரண்ல ஒழுகுது. ஓடு ஒண்ணு வெலகியிருக்கு. ஒன் சாக்கு இருக்க எடத்துல தண்ணி விழுது. நகத்தலாமா?"

எனக்கு முதலில் கேட்டது விளங்கவில்லை. மழைச் சத்தம். "என்ன?" என்றேன்.

"ஒன் கம்பளி. நனையுது. தொடலாமான்னு கேக்கேன்."

"எம்புட்டு நேரமா ஒழுகுது?"

"அரை மணி நேரமா. ஒனக்கு லைன் கெடைக்கல."

அரை மணி நேரமாக ஒரு மனுஷன் ஏணியில் நின்று ஒழுகுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். திட்டலாமா என்று வந்தது.

"பானு? இருக்கியா?"

"சாக்க நகத்துங்க. கம்பியில இருக்க சிட்டத்தயும் எடுத்துக் கட்டில்ல போடுங்க. செவப்ப வெள்ளையோட சேக்காண்டாம்" என்றேன். மற்றதைச் சொல்வதற்குள் போன் போய்விட்டது.

பஸ் பிடித்துப் பாதி தூரம், முழங்கால் தண்ணீரில் நடந்து பாதி தூரம், வீட்டுக்கு வர ஆறாகிவிட்டது. கட்டிலில் சிட்டங்கள் வரிசையாக இருந்தன. சிவப்பு மட்டும் தனியாக, ஒரு தட்டில். சாக்கு ஆஸியாவின் மேஜைமேல். நான் பரணை எட்டிப் பார்த்தேன். என் கூடை, தக்ளியும் சீவின ரோமமும் இருக்கிற கூடை, அதே இடத்தில் இருந்தது. அதற்கு மேலே இவருடைய கருப்புக் குடை விரித்து வைத்திருந்தது. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் குடைமேல் விழுந்து ஓரமாக வழிந்துகொண்டிருந்தது. கீழே ஒரு பசை டின் வைத்துப் பிடித்திருந்தார்.

"கூடைய ஏன் எடுக்கல?" என்றேன்.

"சாக்கும் சிட்டமும்னுதான சொன்ன. கூடையப் பத்தி ஒண்ணும் சொல்லலியே. மறுபடி அடிச்சேன், போன் போகல."

சட்டை முழுக்க நனைந்திருந்தது. கார்கானாவில் தண்ணீர் ஏறியதில் மிஷின் மோட்டாரையெல்லாம் தூக்கி வைக்க நாலைந்து தடவை வெளிப்புறப் படியில் மழையோடு இறங்கி ஏறியிருக்கிறார், குடை இல்லாமல்.

துண்டை எடுத்து அவர்மேல் போட்டேன்.

"தலையத் தொவட்டுங்க" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன்.